கறுப்பு ஆடு: வீடு தள்ளிவைத்தவரா, வீட்டைக் காட்டிக்கொடுத்தவரா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொழிபெயர்ப்புப் பிரதிகளைத் திருத்துவது என் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் கைக்கு வந்த ஒரு கதையில், ‘அவள் அந்தக் குடும்பத்தின் கறுப்பு ஆடு’ என்று ஒரு வரி இருந்தது. மெய்ப்புப் பார்த்த நண்பர் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்: ‘யாரைக் காட்டிக்கொடுத்தாள்?’ அவள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. வீட்டார் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓவியம் கற்கப் போனவள், அவ்வளவுதான். மூலத்தில் அந்தத் தொடர் சொன்னது ஒன்று. தமிழ் வாசகர் காதில் விழுந்தது வேறொன்று. அன்றிலிருந்து இந்த ஆட்டைப் பின்தொடர்ந்து வருகிறேன். என்னிடம் மீண்டும் மீண்டும் கேட்கப்பட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

‘கறுப்பு ஆடு’ என்றால் என்ன பொருள்?

எந்த மொழியில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆங்கிலத்திலும் பெரும்பாலான ஐரோப்பிய மொழிகளிலும் அது குடும்பத்தோடு ஒட்டாதவரைக் குறிக்கும். குடும்பத்துக்குத் தலைகுனிவாகக் கருதப்படுபவர், சொன்ன பேச்சைக் கேட்காதவர், உறவினர் கூடும் இடத்தில் பெயர் எடுத்தாலே பேச்சு அடங்கிப்போகும் அந்த ஒருவர். தமிழில், குறிப்பாக நாளிதழ்த் தமிழில், அது உள்ளே இருந்துகொண்டே தன் கூட்டத்துக்குக் கேடு செய்பவரைக் குறிக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பெரியது.

கறுப்பா, கருப்பா?

இரண்டும் அச்சில் வழங்குகின்றன. நான் வல்லின றகரத்தையே எழுதுகிறேன். தொல்காப்பியம் உரியியலில் ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்கிறது. நிறத்தை உணர்த்தவும் அவை வரும் என்று அடுத்த நூற்பாவிலேயே சேர்த்துக்கொள்கிறது. இடையின ரகரத்தில் ‘கருப்பு’ என்றால் பழைய நூல்களில் பஞ்சம் என்று பொருள். ஆனால் கருமை, கரிய, கார் எல்லாமே ரகரம்தான் என்பதால் ‘கருப்பு’ என்று எழுதுபவரைப் பிழை செய்கிறார் என்று நான் திருத்துவதில்லை.

இது தமிழிலேயே பிறந்த தொடரா?

இல்லை. அதற்கு ஆடுகளே சாட்சி.

இந்தத் தொடர் ஒரு மந்தையில் பிறக்க வேண்டுமானால், அந்த மந்தை முழுக்க வெள்ளையாக இருக்க வேண்டும். அதில் ஒன்று மட்டும் கறுப்பாகப் பிறந்து கண்ணை உறுத்த வேண்டும். தமிழ்நாட்டு மந்தை அப்படிப்பட்டது அல்ல. திருச்சி கருப்பு என்று ஒரு செம்மறி இனமே இருக்கிறது. உடல் முழுதும் கறுப்பு. மதுரைப் பக்கத்தில் கச்சைக்கட்டி கருப்பு இருக்கிறது. மேச்சேரி ஆடு பழுப்பு. கோயம்புத்தூர்க் குரும்பை ஆட்டுக்கு உடல் வெள்ளையாகவும் தலை கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். ராமநாதபுரம் வெள்ளை என்று நிறத்தைச் சொல்லிப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால், வெள்ளை என்பது இங்கே தனியாகச் சொல்ல வேண்டிய அடையாளமாக இருந்தது என்றுதானே பொருள்? பொதுப் பெயரான ‘செம்மறி’யிலேயே செந்நிறம் இருக்கிறது.

வெள்ளாட்டின் கதை இன்னும் சுவையானது. பெயரில் ‘வெள்’ இருக்கிறது. தெருவில் பார்த்தால் பாதிக்கு மேல் கறுப்பு. கன்னி ஆடு கறுப்பு உடலில் முகத்தில் வெள்ளைக் கோடுகளோடு வரும். பழந்தமிழில் ‘மை’ என்ற ஒரே சொல் கருநிறத்தையும் குறித்தது, ஆட்டையும் குறித்தது. புறநானூற்றில் வரும் ‘மையூன்’ ஆட்டிறைச்சிதான். கருமைக்கும் ஆட்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருந்தவர்களிடம் போய், கறுப்பாக இருப்பதால் இந்த ஆடு ஒதுக்கத்தக்கது என்று சொன்னால் என்ன விளங்கியிருக்கும்?

தமிழ்நாட்டுச் செம்மறிகள் பெரும்பாலும் இறைச்சிக்காக வளர்க்கப்படுபவை. நீலகிரி இனம் போன்ற சிலவற்றுக்குத்தான் கம்பளி உண்டு. கறுப்புக் கம்பளி நெய்பவருக்கோ கறுப்பு மயிர்தான் வேண்டும். ஆகவே இந்தத் தொடரை ஆங்கிலம் வழியாகக் கடன் வாங்கியிருக்கிறோம்.

அப்படியானால் எங்கே பிறந்தது?

வெள்ளைக் கம்பளியை விற்றுப் பிழைத்த ஊர்களில். வெள்ளைக் கம்பளியில் எந்தச் சாயமும் ஏறும். கறுப்புக் கம்பளியில் ஏறாது. அதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. வெள்ளைக் கம்பளிப் பொதியில் சில கறுப்பு இழைகள் கலந்துவிட்டால் அந்தப் பொதியின் தரமே இறங்கிவிடும். மந்தைக்காரருக்குக் கறுப்புக் குட்டி என்றால் இழப்பு. அந்த இழப்பின் மேல் மூடநம்பிக்கையும் ஏறிக்கொண்டது. கறுப்புக் குட்டி பிறப்பது கெட்ட சகுனம் என்றார்கள், சாத்தானின் குறி என்றார்கள்.

எழுத்தில் கிடைக்கும் தடயங்களும் சுவையானவை. 1598இல் தாமஸ் பாஸ்டர்டு என்ற ஆங்கிலக் கவிஞர், கறுப்பு ஆடு கடிக்கும் விலங்கு என்ற பழமொழியைத் தன் கவிதையில் எடுத்தாள்கிறார். ஆகவே அந்தக் காலத்திலேயே அதன் பெயர் கெட்டிருந்தது. நாம் இன்று அறிந்த பொருளுக்கு அருகே வருபவர் தாமஸ் ஷெப்பர்டு. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் குடியேறிய கிறித்தவப் போதகர் இவர். 1640 வாக்கில் வெளிவந்த நூலில், குடிகாரர்கள், பொய்யர்கள் போன்றோரைக் கூட்டத்திலிருந்து வெளியேற்றுவதைப் பற்றிப் பேசும்போது, வேதம் இவர்களைக் கறுப்பு ஆடுகள் என்று முத்திரை குத்துகிறது என்று எழுதினார்.

அவர் சொன்னதைப் படித்துவிட்டு நான் விவிலியத்தைப் புரட்டினேன். தீயவர்களைக் கறுப்பு ஆடு என்று அங்கே எங்கும் இல்லை. கரிய ஆடுகள் வருவது ஆதியாகமத்தின் 30ஆம் அதிகாரத்தில். யாக்கோபு தன் தாய்மாமனும் மாமனாருமான லாபானிடம் மந்தை மேய்க்கிறான். கூலி என்ன வேண்டும் என்று மாமன் கேட்க, மந்தையில் உள்ள கரிய செம்மறிகளையும் புள்ளியும் வரியும் உள்ள ஆடுகளையும் தனக்குக் கொடுத்தால் போதும் என்கிறான். மாமன் சரி என்று தலையாட்டிவிட்டு அன்றைக்கே அவற்றைப் பிரித்தெடுத்துத் தன் மகன்களிடம் ஒப்படைத்து மூன்று நாள் பயணத் தொலைவுக்கு அனுப்பிவிடுகிறான். பிறகு யாக்கோபின் மந்தை பெருகுவதைத்தான் கதை சொல்கிறது. கரிய ஆடுகள் அங்கே ஓர் உழைப்பாளியின் கூலி. வஞ்சகம் செய்தவர் பெரிய மந்தைக்குச் சொந்தக்காரர். ஷெப்பர்டு சொன்ன முத்திரையை வேதத்தில் நான் காணவில்லை.

செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் பிரித்து வலப்புறமும் இடப்புறமும் நிறுத்தும் காட்சி மத்தேயு 25இல் உண்டு. அங்கே பேசப்படுவது நிறம் அல்ல, இனம். தமிழ் விவிலியத்தில் இடப்புறம் தள்ளப்படுபவை, பெயரளவிலாவது, *வெள்*ளாடுகள்.

வெள்ளை ஆடுகளுக்குக் கறுப்புக் குட்டி எப்படிப் பிறக்கிறது?

பள்ளிப் பாடத்தில் படித்த மெண்டலின் பட்டாணிச் செடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கம்பளி ஆட்டினங்களில் வெள்ளை ஓங்கு பண்பு, கறுப்பு ஒடுங்கு பண்பு. கிடாயும் பெட்டையும் பார்க்க வெள்ளையாகவே இருக்கும். இரண்டின் உள்ளேயும் கறுப்புக்கான மரபணு ஒளிந்திருக்கும். இரண்டும் சேரும்போது நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குட்டி கறுப்பாகப் பிறக்கும். வெள்ளை நிறத்துக்குக் காரணம் நிறத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணு இரட்டித்துப்போனதுதான் என்று 2008இல் ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டார்கள்.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தாயும் தந்தையும் தலைக்கு ஒரு பங்கு கொடுக்காமல் அந்தக் கறுப்பு வராது. கூடப் பிறந்த வெள்ளைக் குட்டிகளிலும் மூன்றில் இரண்டு அதே மரபணுவைச் சுமந்துகொண்டுதான் திரியும். ‘இது எங்கிருந்து வந்தது, நம் பரம்பரையில் யாரும் இப்படி இல்லையே’ என்று கேட்கிற வீடுகளை நினைத்துக்கொள்கிறேன்.

‘பா பா பிளாக் ஷீப்’ பாட்டிலிருந்து வந்ததா?

இல்லை. அந்தப் பாட்டு அச்சில் முதலில் கிடைப்பது 1744 வாக்கில். தொடர் அதற்கு ஒரு நூற்றாண்டு முந்தியது. அந்தப் பாட்டில் வரும் கறுப்பு ஆட்டை யாரும் ஒதுக்கவும் இல்லை. மூன்று மூட்டை நிறையக் கம்பளி தருகிற நல்ல ஆடு அது.

பிற மொழிகளில் எப்படிச் சொல்கிறார்கள்?

ஜெர்மன், ஸ்பானியம், இத்தாலியம் எல்லாவற்றிலும் கறுப்பு ஆடுதான். பிரெஞ்சில் கறுப்பு ஆடும் உண்டு, ‘சொறி பிடித்த ஆடு’ என்ற தொடரும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது ரஷ்ய மொழியின் வழக்கு. கூட்டத்தோடு சேராமல் வேறுபட்டு நிற்பவரை அவர்கள் ‘வெள்ளைக் காகம்’ என்கிறார்கள். கூட்டத்தையே கெடுப்பவரைச் சொல்லச் ‘சொறி பிடித்த ஆடு’ தனியாக இருக்கிறது. ஒரு சொறி ஆடு மந்தையையே கெடுக்கும் என்பது அவர்கள் பழமொழி. சொறி ஒட்டிக்கொள்ளும் நோய். நிறம் யாருக்கும் ஒட்டாது. இந்த வேறுபாட்டை அந்த மொழி எவ்வளவு கவனமாகக் காப்பாற்றியிருக்கிறது பாருங்கள்.

கறுப்பு ஆட்டைப் பெருமையாகச் சுமந்தவர்களும் உண்டு. 14, 15ஆம் நூற்றாண்டுகளில் இன்றைய ஈரான், இராக், அஜர்பைஜான் பகுதிகளை ஆண்ட துருக்மான் அரச மரபின் பெயர் ‘கரா கொயுன்லு’. கறுப்பு ஆட்டுக்காரர்கள் என்று பொருள். அவர்களை வீழ்த்தியவர்கள் ‘அக் கொயுன்லு’, வெள்ளை ஆட்டுக்காரர்கள்.

தமிழில் பொருள் எப்படி மாறியது?

நாளிதழைத் திறந்தால் இப்படித்தான் இருக்கும்: ‘துறைக்குள் இருக்கும் கறுப்பு ஆடுகள் களையெடுக்கப்படும்.’ ‘வினாத்தாள் வெளியானது எப்படி? யார் அந்தக் கறுப்பு ஆடு?’ ஆட்டைப் போய்க் களையெடுப்பார்களா என்று யாரும் கேட்பதில்லை. தொடர் அவ்வளவு தேய்ந்துவிட்டது.

அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். ‘யார் அந்தக் கறுப்பு ஆடு?’ ஐரோப்பிய மந்தையில் இந்தக் கேள்விக்கே இடம் இல்லை. அங்கே கறுப்பு ஆடு ஊரறிய நிற்கும். நூறு வெள்ளைக்கு நடுவே ஒரு கறுப்பை யாரும் தேட வேண்டியதில்லை. மறைய முடியாமல் இருப்பதுதான் அதன் துன்பமே. தமிழ்க் கறுப்பு ஆடோ ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க விசாரணை வேண்டும், தனிப்படை வேண்டும். ஒன்று, எல்லாருக்கும் தெரிந்த வெளித்தோற்றம். மற்றது, யாருக்கும் தெரியாத உள்வஞ்சகம். ஒரே சொல் நேர் எதிரான இரண்டு இடங்களில் நிற்கிறது.

மந்தையின் காட்சி கூட வராமல் சொல் மட்டும் வந்தது காரணம் என்று நினைக்கிறேன். நம் கண்முன் முழு வெள்ளை மந்தை இல்லை. ஆகவே ‘கறுப்பு’ என்பதைக் கண்ணில் படும் நிறமாக எடுத்துக்கொள்ளாமல் கறுப்புப் பணம், கறுப்புச் சந்தை என்கிற வரிசையில் வைத்துக்கொண்டோம். அங்கே கறுப்பு என்றால் மறைவு, கணக்கில் வராதது. ஆடும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

ஒரு மொழி வாங்கிய கடனைத் தன் தேவைக்கு வளைத்துக்கொள்வதில் தவறு இல்லை. நாளிதழ்ப் பொருள் இன்று உறுதியாக நிலைத்துவிட்டது. அதைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பொருளைக் கொண்டுபோய், வீட்டார் ஒதுக்கிய ஒரு மனிதர் மேல் சாத்தும்போதுதான் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

உள்ளிருந்து கெடுப்பவரைச் சொல்லத் தமிழில் சொல் இல்லையா?

ஏராளமாக இருக்கிறது. முதலில் வருவது கோடரிக்காம்பு. ‘குலத்தைக் கெடுக்க வந்த கோடரிக்காம்பு’ என்று பாட்டிமார் திட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். இரும்பு மட்டும் இருந்தால் கோடரி மரத்தை வெட்ட முடியாது. அதற்குக் காம்பு வேண்டும். காம்பு மரம். தன் இனத்தை வெட்டத் தானே பிடியாகிக் கொடுக்கிறது. இதைவிடக் கூர்மையாக இந்தத் துரோகத்தைச் சொல்லிவிட முடியாது. நாளிதழ்கள் கறுப்பு ஆடு என்று எழுதும் இடங்களில் பாதிக்கு மேல் கோடரிக்காம்பு கச்சிதமாகப் பொருந்தும்.

புல்லுருவி இன்னொன்று, மரத்தின் மேலேயே வளர்ந்து மரத்தின் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணி. ‘எட்டப்பன்’ என்றும் சொல்கிறோம். எட்டையபுரம் மன்னர்கள் பரம்பரையாகத் தாங்கிய பெயர் அது என்பதால், ஒரு மரபு முழுவதையும் வசைச்சொல்லாக்க எனக்கு விருப்பம் இல்லை.

வள்ளுவர் இதற்கென்று ‘உட்பகை’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். செப்பும் மூடியும் சேர்ந்தாற்போலத் தோன்றினாலும் உட்பகை உற்ற குடி சேராது என்பது 887ஆம் குறள். மூடிய செப்பை வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பொருள். திறந்தால்தான் இரண்டு என்று தெரியும்.

வீட்டார் ஒதுக்கியவரைச் சொல்ல என்ன சொற்கள் இருக்கின்றன?

வசைச்சொற்கள் தேவைக்கு மேலேயே உண்டு: தறுதலை, உதவாக்கரை, ஊதாரி, ஓடுகாலி, தண்டச்சோறு. ஒவ்வொன்றும் ஒரு குற்றத்தைப் பெயர் சொல்லிச் சாட்டுகிறது. ஊதாரி பணத்தை அழித்தவர். தண்டச்சோறு சம்பாதிக்காதவர். ஓடுகாலி வீட்டை விட்டுப் போனவர். ‘ஒட்டாதவர்’ என்று குற்றம் சாட்டாமல் சொல்ல ஒரு வசையும் இல்லை. வசையிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

தமிழின் ஆழம் தெரிவது வினைத்தொடர்களில். ‘அவனைத் தலைமுழுகிவிட்டேன்’ என்று ஒரு தகப்பன் சொல்கிறார். தலைமுழுகுவது சாவுக்குப் பின் செய்கிற காரியம். மகன் உயிரோடு இருக்கிறான், இவர் குளித்துவிட்டார். ஐரோப்பியத் தொடர் ஒதுக்கப்பட்டவரின் நிறத்தைப் பார்க்கிறது. தமிழ்த் தொடர் ஒதுக்கியவரைப் பார்க்கிறது. வினையைச் செய்தவர் அங்கே நனைந்த தலையோடு நிற்கிறார். பொறுப்பு அவருடையது என்பது இலக்கணத்திலேயே இருக்கிறது.

‘தண்ணீர் தெளித்துவிட்டோம்’ என்பது இன்னும் மென்மையானது. சொல்லிச் சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை, இனி அவன் பாடு என்று கைவிடுவது. இந்தத் தொடரைக் கேட்டதும் பலருக்கு நினைவில் எழுவது கோயிலில் பலிக்கு நிற்கும் ஆடு. அதன் மேல் தண்ணீர் தெளித்து, அது உடலைச் சிலிர்த்து உதறும் வரை காத்திருப்பார்கள், உதறினால் சம்மதம். நீர் வார்த்துக் கொடுத்தால் அந்தப் பொருளின் மேல் உரிமை முடிந்தது என்ற பழைய வழக்கமும் இருக்கிறது. ‘தாரை வார்த்தல்’ அதிலிருந்து வந்தது. இனி இது எங்களுடையது அல்ல என்பதை இங்கே தண்ணீர்தான் சொல்கிறது. தலைமுழுகலில் கோபம் இருக்கிறது. தண்ணீர் தெளித்தலில் களைப்பு இருக்கிறது. கதை எழுதுபவர்கள் இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது.

பலிகடாவும் கறுப்பு ஆடும் ஒன்றா?

இல்லை. பலிகடா பிறர் செய்த குற்றத்தைத் தலையில் சுமப்பவர். யூதர்களின் பழைய சடங்கில் மக்களின் பாவங்களை ஒரு கடாவின் தலைமேல் ஏற்றிப் பாலைவனத்துக்கு அனுப்பிவிடுவார்கள். லேவியராகமம் 16இல் இருக்கிறது. கறுப்பு ஆடு, அதன் மூலப் பொருளில், தான் எப்படி இருக்கிறதோ அதற்காகவே தள்ளப்படுகிறது. நடைமுறையில் ஒரே ஆள் இரண்டுமாக ஆகிவிடுவது உண்டு. வீட்டில் ஒட்டாத பிள்ளை மேல்தான் காணாமல் போன நகைக்கான சந்தேகமும் முதலில் விழுகிறது.

வெளியாரைவிடச் சொந்த ஆளை ஏன் அதிகமாக வெறுக்கிறோம்?

1988இல் உளவியலாளர் ஜோசே மார்க்கெஸும் உடன் ஆய்வாளர்களும் பெல்ஜிய மாணவர்களிடம் நடத்திய ஆய்வு இதற்கு ஒரு பெயரே கொடுத்தது: ‘கறுப்பு ஆட்டு விளைவு’. ஒரே தவறான நடத்தையை அயலார் செய்தால் கொடுக்கும் மதிப்பெண்ணைவிடத் தம் குழுவைச் சேர்ந்தவர் செய்தால் குறைவாகக் கொடுத்தார்கள். நல்ல நடத்தைக்கு நேர்மாறு. சொந்தக் குழுக்காரருக்கே அதிகம். அயலான் கெட்டால் அவன் கெட்டான். நம் ஆள் கெட்டால் ‘நாம் நல்லவர்கள்’ என்ற எண்ணம் ஆட்டம் காண்கிறது. அதைக் காப்பாற்ற அவரை வெளியே நிறுத்துகிறோம்.

இந்தத் தொடர் நிறத்தை இழிவுபடுத்துகிறதா?

என் பதில்: ஆம், அந்த நிழல் அதில் இருக்கிறது. ஆட்டைப் பற்றிப் பிறந்த தொடர்தான். ஆனால் 2007இல் சுவிட்சர்லாந்தில் ஒரு கட்சி, நாட்டின் கொடி மேல் நிற்கும் வெள்ளை ஆடுகள் ஒரு கறுப்பு ஆட்டை உதைத்து வெளியேற்றுவது போல் சுவரொட்டி ஒட்டியது. குற்றம் செய்த வெளிநாட்டவரை நாடுகடத்த வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அந்தப் படத்தை ஆட்டின் படமாக மட்டும் யார் பார்த்திருப்பார்கள்? உலகெங்கும் கண்டனம் எழுந்தது. தோல் நிறத்தைச் சொல்லிப் பெண்ணைத் தட்டிக்கழிக்கும் குடும்பங்கள் உள்ள மொழியில் இந்தத் தொடரை எடுக்கும்போது எனக்குக் கை தயங்குகிறது.

மொழிபெயர்க்கும்போது என்ன எழுதலாம்?

மூலத்தில் அந்த மனிதரை யார், எதற்காக ஒதுக்கினார்கள் என்று முதலில் பாருங்கள். கோபத்தோடு அறுத்துவிட்டார்கள் என்றால் தலைமுழுகியவர்கள் என்று எழுதுங்கள். அலுத்துப்போய் விட்டார்கள் என்றால் தண்ணீர் தெளித்தார்கள். பணத்தைக் கரைத்தவர் ஊதாரி. உண்மையிலேயே காட்டிக்கொடுத்தவர் கோடரிக்காம்பு. வெறுமனே வேறு மாதிரி இருந்தவர் என்றால் எந்த உருவகமும் தேவையில்லை. ‘அந்த வீட்டோடு ஒட்டாதவர்’ போதும்.

ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பெண்ணுக்கு, மொழிபெயர்ப்பாளரும் நானும் மூன்று நாள் பேசிய பிறகு, இப்படி எழுதினோம்: ‘அவளை அந்த வீட்டில் யாரும் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை.’ மெய்ப்புப் பார்த்த நண்பர் இந்த முறை ஓரத்தில் எதுவும் எழுதவில்லை.